மூன்று ஃபேன் வைத்த கார்டு

இந்த முறை மனைவியிடம் கெஞ்சுவதில்லை. அவள் வாயாலேயே "வாங்குங்க" என்று சொல்ல வைப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் பந்தயக் கார் நாலாவது தடவையாகச் சுவரில் மோதி நின்றபோது கொட்டேஷன் சார் எடுத்த முடிவு இது. சுவர் என்றால் நிஜச் சுவர் இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கும் சுவர். ஆனாலும் மோதிய வேகத்தில் அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மச்சினன் சிரித்தான். மனைவியின் தம்பி. வேறு ஊரில், தன் வீட்டில், புத்தம்புது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு அது.

"மாமா, ரேஸ் ஓட்டச் சொன்னா பார்க்கிங் பண்றீங்களே!"

"வளைவு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் மாப்ளே? திரையில வரவே இல்ல!"

"எனக்கு வந்துச்சே."

"உனக்கு வரும். உன் மெஷின் அப்படி."

"சரி விடுங்க மாமா, ஒரு உதவி பண்றேன். அடுத்த ரேஸ்ல நான் முன்னாடியே கத்திடறேன். 'வளைவு வருது, வளைவு வருது, உள்ள தள்ளி நில்லுங்க'ன்னு. பஸ் கண்டக்டர் மாதிரி."

ஒரு மாமனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கழற்றிய பிறகும் அதிலிருந்து சிரிப்பு சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

குற்றம் அவர் கையில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டில். படத்தைத் திரையில் வரைகிற வேலை அதனுடையது. அது பணி ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டியும் நாற்காலியை விடாத கார்டு. ஒரு மரத்தை வரைந்து முடிக்கும், பெருமூச்சு விடும், அடுத்த மரத்துக்குப் போகும். வளைவை அது வரைந்து முடிப்பதற்குள் கார் வளைவைத் தாண்டி வயலில் கிடக்கும்.

கொட்டேஷன் சார் என்பது அவருக்கு ஆபீசில் வைத்த பெயர். ஒரு பம்ப் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. துடைப்பம் வாங்கினாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தரம், செலவு, ஆயுள் என்று அலசிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கல்யாணத்துக்கும் மூன்று இடம் பார்த்தாரா என்று கேலி செய்வார்கள். பார்த்தார். மற்ற இரண்டு இடத்திலும் இவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அதை ஒப்பீடு என்று சொல்ல முடியாது.

வாய்த்த மனைவி பிசியோதெரபிஸ்ட். வீட்டின் முன்னறையில்தான் சிகிச்சை. முழங்கால், முதுகு, தோள்பட்டை என்று வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துவாலை விரித்தாக வேண்டும். வெயில் காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. இப்போது மழை. வாரக்கணக்கில் மழை. வானம் எங்கேயோ குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்தது போல. வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் ஈரத் துவாலை. கதவில், நாற்காலி முதுகில், ஜன்னல் கம்பியில். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கப் போனால் கைப்பிடியில் ஒன்று. காயாத துவாலைக்கு ஒரு வாடை உண்டு. போன வாரம்கூட, முழங்கால் வலிக்கு வருகிற பெரியவர் குப்புறப் படுத்த வாக்கிலேயே சொல்லிவிட்டார்:

"டாக்டரம்மா, முழங்கால் இப்ப பரவால்ல. மூக்குதான் தாங்கல."

அவள் முகம் விழுந்துவிட்டது. ஒரு நோயாளி ஏற்கெனவே வேறு இடம் போயிருந்தார். துணி உலர்த்தும் மெஷின் ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டு ஒரு மழைக்காலமே முடிந்துபோயிற்று. கொட்டேஷன் சார் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுப்பதில்லை. 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார். "கரண்டைக் குடம் குடமாக் குடிக்கும்மா அது. மூணாவது கொட்டேஷன் வரட்டும், பார்த்துக்கலாம்."

அப்படிப்பட்ட வீட்டில், விளையாடுவதற்காக ஒரு கார்டு வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அதற்குத்தான் திட்டம்.

ஆபீசில் அவர் பல வருஷமாகக் கையாளும் உத்தி. மேலதிகாரி ஒரு சாதாரண மெஷினுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், அதன் பக்கத்தில் ஒரு ராட்சச மெஷினின் கொட்டேஷனைச் செருகுவார். மேலதிகாரி ராட்சசனைப் பார்த்து அலறி, "சேச்சே, இந்தச் சின்னதே போதுமேய்யா!" என்பார். சொன்ன பிறகு தொழிற்சாலையையே காப்பாற்றிவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார். கொட்டேஷன் சார் பணிவாகத் தலையாட்டிவிட்டு, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் கடையில் சரியாக இரண்டு கார்டுகள் இருந்தன. இரண்டையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்துவிட்டுக் கடைக்காரர் விளக்கினார்.

"சார், இந்தப் பெரிசு ஒரு காலத்துல பயில்வான். எல்லாப் போட்டியிலயும் இவன்தான் முதல். இன்னிக்கும் ஓடுவான், ஆனா சாப்பாடு ஜாஸ்தி. இவனைப் போட்டா பவர் சப்ளையையும் பெரிசா மாத்தணும். இந்தச் சின்னது ரெண்டு தலைமுறை பின்னாடி பிறந்தது. பயில்வானோட பலம் முழுசா வராது, ஆனா ரொம்பக் குறையாது. கரண்ட் பாதிதான். விலையும் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணு."

கொட்டேஷன் சார் இரண்டையும் கையில் வாங்கி எடை பார்த்தார். பெரியதில் மூன்று ஃபேன்கள், செங்கல்லைவிட நீளம். சின்னது உள்ளங்கையில் சமத்தாக உட்கார்ந்தது. வேகத்தைக் கரண்டால் வகுத்தார், விலையால் பெருக்கினார், ஆயுளால் கழித்தார். எப்படிப் போட்டாலும் சின்னதுதான் ஜெயித்தது. சந்தேகமே இல்லை.

"ரெண்டையும் எடுத்து வைங்க. வீட்ல கேட்டுட்டு வரேன்" என்றார், சின்னதை மனசுக்குள் பையில் போட்டுக்கொண்டு.

அன்று சாயங்காலம் பின்கட்டில் மனைவி துவாலை பிழிந்துகொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பிழிஞ்சுகிட்டே கேக்கலாமா, உக்காந்து கேக்கணுமா?"

"பிழிஞ்சுகிட்டே கேக்கலாம்."

"அப்ப அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். அவள் முறுக்கினாள். ஊர்பட்ட முதுகுகளை நிமிர்த்திய கை அது. துவாலையோடு அவர் மணிக்கட்டும் ஒரு சுற்று சுற்றிவந்தது.

"கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம்னு பாக்கறேன். பழசுதான். கடையில ரெண்டு இருக்கு."

"ரெண்டா? மூணாவது கொட்டேஷன் எங்க?"

"மூணாவது, புதுசு வாங்கறது. அதோட விலையைச் சொன்னா நீ துவாலையை விட்டுட்டு என்னைப் பிழிஞ்சுடுவ."

"சரி, ரெண்டையே சொல்லுங்க."

கொட்டேஷன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ராட்சசனை அவிழ்த்துவிடும் நேரம்.

"எனக்கு என்னவோ பெரிசுதான் பிடிச்சிருக்கு. மூணு ஃபேன். பயங்கர வேகம். ஆனா உன்கிட்ட மறைக்கக் கூடாது பாரு, கரண்ட் கொஞ்சம் குடிக்கும்."

"கொஞ்சம்னா?"

"சின்னதைப்போல ரெண்டு மடங்கு."

அலறுவாள் என்று காத்திருந்தார். அலறவில்லை. முறுக்கு மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

"ரெண்டு மடங்கு கரண்ட் போய் என்ன ஆகும்? சூடாகுமா?"

வந்துவிட்டாள் வழிக்கு! அவர் குரலில் எண்ணெய் ஊற்றினார்.

"அதை ஏன் கேக்கற? அடுப்பு! விளையாட ஆரம்பிச்சாப் போதும், கொஞ்ச நேரத்துல ரூமே கொதிக்கும்."

"அந்தச் சூடெல்லாம் எங்க போகும்?"

"மூணு ஃபேன் எதுக்கு இருக்கு? பொட்டிக்குப் பின்னால வாரி அடிக்கும். அங்க நின்னா மூஞ்சி வாடிப்போகும்."

"ஈரக் காத்தா, வறண்ட காத்தா?"

கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஆனால் ஓடுகிற குதிரையை யார் நிறுத்துவார்?

"பாலைவனக் காத்து! உதடு வெடிக்கும்!"

"விளையாடலேன்னா?"

"சும்மா இருந்தா சூடாகாது. ஓட்டினாத்தான். எவ்வளவுக்கு எவ்வளவு ஓட்டறமோ அவ்வளவுக்கு அவ்வளவு."

"சின்னது எப்படி?"

இந்த இடத்தில் அவர் குரலை அலட்சியமாக வைத்துக்கொண்டார். உத்தியின் உயிரே அந்த அலட்சியத்தில்தான் இருக்கிறது.

"அது பாவம், சாது. சத்தம் வராது. சூடு ஆகவே ஆகாது. வேகம் கொஞ்சம் கம்மி, கரண்ட் பாதி, விலை அதே. சிக்கனமா யோசிக்கறவங்க யாரா இருந்தாலும் சின்னதைத்தான் எடுப்பாங்க. நீ எப்படி நினைக்கற?"

மனைவி துவாலையை வாங்கி உதறிவிட்டு, வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"பெரிசையே எடுங்க."

அவர் கையிலிருந்து வாளி நழுவியது.

"என்னம்மா சொல்ற? கரண்ட் பில்லு?"

"வர்றது வரட்டும்."

"பவர் சப்ளை வேற மாத்தணும்!"

"மாத்துங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் தம்பிகிட்ட தோத்துட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல. ஓட்டறதுதான் ஓட்டறீங்க, ராஜா மாதிரி ஓட்டுங்க."

கேட்டது ஆடு, கிடைத்தது யானை என்றால் ஆட்டையே கொடு என்று யாராவது சண்டை போடுவார்களா? கூட வாழ்கிறவளின் மனசுக்குள் இத்தனை விசாலம் இருந்ததை இத்தனை காலம் கவனிக்காமல் போனோமே என்று கொட்டேஷன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. துவாலையில் துடைத்துக்கொண்டார். அது ஈரமாக இருந்ததால் பிரயோஜனமில்லை.

கடைக்காரர் நம்பவில்லை.

"வீட்ல அம்மாவே பெரிசு கேட்டாங்களா சார்?"

"அவங்கதான் கேட்டாங்க."

"குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று எழுந்து நின்று பையில் போட்டுக் கொடுத்தார். கடையில் நின்ற மற்ற கணவர்கள் அவரைப் பார்த்த பார்வையை வீடு வரும் வரை அவர் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

பெட்டிக்குள் பயில்வானை ஏற்றியது தனிக் கதை. ஆட்டோவுக்குள் பீரோவை ஏற்றுவது போல. நீளவாக்கில் போகவில்லை, சாய்த்தும் போகவில்லை. குறுக்கே நின்ற ஒரு தகட்டைக் கழற்றியதும் 'டக்'கென்று உட்கார்ந்தது. பெட்டியின் பக்கவாட்டு மூடியை மூட முடியாமல் சாத்தி வைத்தார். பொத்தானை அழுத்தியதும் மூன்று ஃபேன்களும் விமானம் புறப்படுவது போல உறுமின.

அடடா! மரங்கள் தூரத்திலேயே தெரிந்தன. இலை தெரிந்தது. வளைவு, 'நான்தான் வளைவு, வந்துகொண்டிருக்கிறேன்' என்று முன்கூட்டியே அறிமுகம் செய்துகொண்டது. சுவரைச் சுகமாக ஒதுங்கிக் கடந்தார். மூன்றாவது ரேஸில் மச்சினனின் கார் அவருக்குப் பின்னால் புள்ளியாகிப் போனது.

"மாமா, என்னாச்சு உங்களுக்கு?"

"வளைவு வருது மாப்ளே, உள்ள தள்ளி நில்லு" என்றார் கொட்டேஷன் சார். இதைச் சொல்வதற்காகவே கார்டு வாங்கியதாகத் தோன்றியது.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் போய்க் கையை நீட்டினாள். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"நடுக்கூடத்துல இவ்வளவு சத்தம் வேண்டாங்க. முன்னறையில நோயாளிங்க இருப்பாங்க. சாமான் ரூமை ஒழிச்சுத் தரேன். அங்க மாத்திக்குங்க. உங்களுக்குன்னு ஒரு தனி ரூம்."

தனி ரூம்! உலகத்தில் எத்தனை கணவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தை வாய்த்திருக்கிறது? ஆளே படுக்க முடியாத அறைதான், ஜன்னல்கூடக் கிடையாது. ஆனால் கதவு இருக்கிறது. கதவை அவரே சாத்திக்கொள்ளலாம். மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அன்றைக்கே சுமந்துகொண்டு போனார். மனைவி ஒரு சுத்தியலோடு வந்து எதிரெதிர்ச் சுவர்களில் ஆணி அடித்தாள்.

"படம் மாட்டவா?" என்று கேட்டார் நெகிழ்ந்துபோய். தான் வாங்கப்போகும் வெற்றிக் கோப்பையின் படமாக இருக்கலாம்.

"நீங்க ஓட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து, கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டி, முதல் சுற்றில் பறந்துகொண்டிருந்தபோது தலைக்குமேல் ஏதோ நிழல் ஆடியது. நிமிர்ந்து பார்த்தார். ஆணிக்கு ஆணி கயிறு. கயிற்றுக்குக் கயிறு துவாலை. இடமும் வலமும் துவாலை. பெட்டிக்குப் பின்னால், பாலைவனக் காற்று வீசுகிற இடத்தில், மூன்று அடுக்கு. நடுவில் அவர், சலவைக்காரர் மூட்டைக்குள் தவறி விழுந்த ஆள் மாதிரி.

காரை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"என்ன இது?"

"ஏன் எழுந்து வந்தீங்க? சூடு ஆறிடப் போகுது."

"என் ரூம்ல துவாலை காயப் போட்டிருக்க!"

"பின்ன எங்க போடறது? வெளிய மழை."

அப்போதுதான் பின்கட்டில் அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வரிசையாக வந்து அவர் முன்னால் கைகட்டி நின்றது. ஈரக் காத்தா, வறண்ட காத்தா.

"அப்ப நீ பெரிசை எடுக்கச் சொன்னது..."

"நீங்கதானே பெரிசு பிடிச்சிருக்குன்னீங்க? பிடிக்காம பொய் சொன்னீங்களா?"

இதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கொட்டேஷன் சார் வேறு பக்கமாக வந்தார்.

"இதுக்கு உலர்த்தற மெஷினே வாங்கிடலாமே!"

"எதுக்குங்க? அது துவாலையை மட்டும்தான் காயவைக்கும். இது துவாலையும் காயவைக்குது, உங்களையும் சந்தோஷமா வெச்சிருக்கு. ஒரே கரண்ட்ல ரெண்டு வேலை. வேகம், கரண்ட், விலை, மூணுலயும் ஒப்பிட்டுப் பாருங்க. நான் கொட்டேஷன்கூடக் கேக்கல, நீங்களே கொண்டுவந்தது."

ஒப்பிட்டுப் பார்த்தார். கொடுமை என்னவென்றால், கணக்கு சரியாக இருந்தது.

ஆனாலும் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அடுத்த நாள் விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவைத்தார். நிழலை அணைத்தார். புழுதியை அணைத்தார். திரைக்குள் பெய்யும் மழையையும் அணைத்தார். பயில்வான் மூச்சே விடாமல் நிதானமாக நடந்தான். சூடில்லை. துவாலைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. கொட்டேஷன் சார் ரகசியமாகப் புன்னகைத்தார். கொஞ்ச நேரத்தில் மனைவி உள்ளே வந்து, முழங்காலைத் தொட்டுப் பார்ப்பது போல, பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்கே. எதையாவது அமுக்கினீங்களா?"

"இல்லையே."

"ரோட்ல நேத்து மழை பெஞ்சுதே, இன்னிக்கு எங்க?"

"அது... அணைச்சு வெச்சிருக்கேன்."

"போடுங்க. மழை, புழுதி, நிழல், கண்ணாடியில தெரியற மரம், எல்லாத்தையும் உச்சத்துல வைங்க. ராஜா மாதிரி ஓட்டச் சொன்னா கஞ்சன் மாதிரி ஓட்டறீங்க."

போட்டார். திரைக்குள் மழை கொட்டியது. வெளியே நிஜ மழை கொட்டியது. உள்ளே பெய்த மழையின் உக்கிரத்தில், வெளியே பெய்த மழையால் காயாமல் கிடந்த துவாலைகள் மொறமொறவென்று காய்ந்தன. எந்த விஞ்ஞானியும் விளக்கிச் சொல்லாத அதிசயம் அந்தச் சாமான் அறையில் தினமும் நடந்தது.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய ஓட்டம் பிரமாதமாக மெருகேறியது. ஆகாமல் என்ன செய்யும்? கைத்துவாலைக்கு ஒரு ரேஸ், பெரிய துவாலைக்கு இரண்டு ரேஸ் என்று ஆபீஸ் முடிந்து வந்ததும் பயிற்சி. "இன்னிக்கு அலுப்பா இருக்கு, விளையாடல" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "பெரியவர் வெயிட் பண்றாருங்க" என்றாள் மனைவி. உண்மையிலேயே முன்னறையில் முழங்கால் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக எட்டிப்பார்த்து, "சார், ஒரு ரவுண்டு ஓட்டுங்க, என்னுது இன்னும் லேசா ஈரமா இருக்காம்" என்று உரிமையோடு சொன்னார். வேறு இடம் போன நோயாளியும் திரும்ப வந்தார். வரும்போது தோள்பட்டை வலிக்கார நண்பர் ஒருவரையும் அழைத்து வந்தார்.

மச்சினனும் சளைக்கவில்லை. அவர் உட்கார்ந்ததும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, "மாமா, வரீங்களா ஒரு கை?" என்று சரியாக அழைத்துவிடுவான். தோற்றாலும் விடமாட்டான். "இன்னும் ஒண்ணு மாமா, கடைசியா ஒண்ணு." இவ்வளவு ரோஷக்காரனா என்று கொட்டேஷன் சாருக்கே ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு பேரில் யார் கெட்டிக்காரன் என்று தீர்த்துக்கொள்ளும் இறுதிப் போட்டி. மச்சினன் தன் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான். முன்னறையிலிருந்து முழங்காலும் தோள்பட்டையும் நாற்காலியோடு நகர்ந்து வந்து சாமான் அறை வாசலில் இடம் பிடித்தன. மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள், ஒரு கை அவர் தோளில், மறு கை துவாலையில்.

கடைசிச் சுற்று. இருட்டு மழை. எதிரில் கூர்மையான வளைவு. மச்சினன் பிரேக் அடித்தான். கொட்டேஷன் சார் அடிக்கவில்லை. வளைவின் உள்விளிம்பை உரசி, சேற்றைச் சிதறடித்து, அவனைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, நாற்காலியையும் தாண்டி எழுந்து நின்றார். தலை கயிற்றில் மாட்டி ஒரு துவாலை மாலை மாதிரி கழுத்தில் விழுந்தது. வாசலில் கைதட்டல். பெரியவர் முழங்காலை மறந்து எழுந்துவிட்டார்.

"மாமா, நீங்க மனுஷனே இல்ல!" என்று ஹெட்போனில் கத்தினான் மச்சினன்.

ஜெயித்துவிட்டார். எந்தக் கணக்கிலும் சந்தேகமில்லாத வெற்றி. வேகத்தில் ஜெயித்தார், வளைவில் ஜெயித்தார், பாதி வயசுக்காரனை அவன் நண்பர்கள் முன்னாலேயே ஜெயித்தார். கழுத்துத் துவாலையைச் சரிசெய்துகொண்டு மனைவி பக்கம் திரும்பினார். பாராட்டுக்காக அல்ல, அவள் முகத்தைப் பார்க்கத்தான்.

அவள் அவர் கழுத்திலிருந்த துவாலையின் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் நிறையச் சிரித்தாள்.

"நல்லா காஞ்சிருக்குங்க. நாளைக்குப் படுக்கை விரிப்பு, அதனால நீளமான ரேஸா வைக்கச் சொல்லித் தம்பிகிட்ட சொல்லிட்டேன்."